திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்

எண்பது வயதில் ஹில்க்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. பெற்றவள் ஒரு தடவையாவது தன்னைத் திருப்பிக் கேட்டாளா, இல்லையா? இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குக் கப்பலேற்றிவிட்ட பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அப்போது வயது ஐந்து. சண்டை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். இவளை யாரும் கூப்பிடவில்லை. "உங்கம்மா உன்னை மறந்துட்டா" என்று வளர்த்த ஜெர்டா சொன்னாள். இவளும் நம்பினாள்.

போன வாரம் ஹெல்சிங்கியில் ஒரு ஆவணக் காப்பகம் அம்மாவின் பழைய காகிதங்களை இணையத்தில் ஏற்றியிருந்தது. அத்தனையும் ஃபின்னிஷ். இவளுக்கோ அந்த பாஷை ஸ்வீடனுக்கு வந்த ஒரே வருடத்தில் சுத்தமாக அழிந்து போயிருந்தது. கீழ்வீட்டு அர்மாஸைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் இருபது வயதில் இரும்பாலை வேலைக்கு வந்த பின்லாந்துக்காரன். இன்றைக்கும் திட்டுவதென்றால் ஃபின்னிஷில்தான்.

"இத்தனை வருசமா எங்க பாஷைன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்குவே. இப்ப நான் வேணுமாக்கும்?"

"பேசாம படி. படிச்சாத்தான் காப்பி."

முதலில் அம்மா எழுதிய கடிதங்கள். ஸ்வீடனிலிருந்து பிரிக்காமலே திருப்பி அனுப்பப்பட்டவை. அர்மாஸ் கைக்கணினியில் விரலை ஓட்டிப் படித்தான். "'ஹில்க்கா கண்ணு, அப்பா சண்டையிலிருந்து வரவில்லை. நீயாவது வா.'"

"கேட்டிருக்கா! பாத்தியா, கேட்டிருக்கா!" ஹில்க்கா மேசையைத் தட்டினாள். அழுதாள், சிரித்தாள். கேட்காமலே அவனுக்குக் காப்பி ஊற்றினாள்.

அடுத்து மூன்று செய்தித்தாள் துண்டுகள். பின்லாந்தின் துர்க்கு துறைமுகத்துக்குக் கப்பலில் திரும்பும் பிள்ளைகளின் பட்டியல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அம்மாவின் எழுத்து: "போனேன். அவள் இல்லை."

கடைசியாக ஒரு தபால் அட்டை. அர்மாஸ் மனதுக்குள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"கண்ணு வலிக்குது. நாளைக்குப் பாக்கலாம்."

"பொய் சொன்னா உன் காது சிவக்கும், அர்மாஸ். படி."

"'நான் வர மாட்டேன். எனக்கு இங்கே அம்மா இருக்கிறாள். இனி எழுதாதே. ஹில்க்கா.' நாப்பத்தாறு மே மாசம்." சட்டென்று குரலை உயர்த்தினான். "அந்த ஜெர்டா எழுதியிருப்பா, பாவி!"

ஹில்க்கா படத்தைப் பெரிதாக்கினாள். பென்சில் எழுத்து. K-யின் கால்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. பள்ளிக்கூடத்தில் அதற்காக அவள் வாங்காத திட்டில்லை.

"நான்தான் எழுதினேன்" என்றாள்.

அன்றைக்கு ஜெர்டா யாரிடமோ ஃபின்னிஷில் எழுதி வாங்கி வந்த காகிதத்தை அடுக்களை மேசையில் வைத்து, "அம்மாவுக்கு நன்றிக் கடிதம், அழகாப் பார்த்து எழுது" என்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தைகள் அதற்குள் வெறும் கோலமாகிவிட்டன. நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக வரைந்தாள். தபால் பெட்டிக்கு ஓடிப்போய்ப் போட்டவளும் அவள்தான்.

அட்டையின் கீழே காப்பகத்தார் குறிப்பு எழுதியிருந்தார்கள்: மகள் தன் விருப்பப்படி ஸ்வீடனில் தங்கிவிட்டாள்.

"இதை மாத்தச் சொல்லலாம். 'திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்'னு போட்டிருக்கு பாரு. நான் எழுதறேன்" என்றான் அர்மாஸ்.

"யாரு படிப்பாங்க?"

"காப்பகத்துக்காரங்க."

"அம்மா எப்ப செத்தான்னு போட்டிருக்கா?"

"எழுபத்தொண்ணாம் வருசம்."

ஹில்க்கா விரல்விட்டு எண்ணினாள்.

"இருபத்தஞ்சு வருசம், அர்மாஸ். நான் சொன்னதை நம்பிக்கிட்டே இருந்திருக்கா."