அப்பாவுக்கு ஒரு ஜாடை

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மாமனார் படம் கிடையாது. மொழியியலில் பெரும்புள்ளியான ஒரு பெரியவரின் படம் தொங்குகிறது. மாட்டியவர் என் கணவர், மொழியியல் பேராசிரியர். மொழியை யாரும் ஊட்ட வேண்டியதில்லை, மனித மனம் அதைச் சுமந்துகொண்டே பிறக்கிறது, கை கால் வளர்வதுபோல் அதுவும் தானாக வளரும் என்பது பெரியவர் வாக்கு. அதை வகுப்பில் சொல்லிச் சொல்லியே இவர் இருபது வருடம் ஓட்டிவிட்டார்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க மட்டுமே தெரியும்.

"ஏங்க, ஒருதடவை காது டாக்டர்கிட்ட காட்டிடலாமே."

"செடி முளைக்கலன்னு தினம் தோண்டிப் பார்ப்பியா? பேச்சு தானா வரும். பெரியவரே சொல்லியிருக்கார்."

"பெரியவர் நம்ம பொண்ணப் பாத்தாரா?"

"உனக்கு தியரி புரியாது, விடு."

முதல் சொல் தப்பிவிடக் கூடாதென்று கட்டிலருகே ரெக்கார்டர் வைத்தார். எட்டு மாதத்தில் அதில் சேர்ந்தது மிக்ஸி சத்தமும் என் புலம்பலும். இரண்டுக்கும் ஒழுங்காகத் தேதி போட்டு வைத்தார். என் புலம்பலைப் போட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் பெரிய பாத்திரம் கைதவறி மகளின் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. எந்நேரமும் சாத்தியே கிடக்கும் தன் அறையிலிருந்து பேராசிரியரே ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மகள் மட்டும் திரும்பவில்லை, பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மறுநாளே லீவு போட்டு அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் ரெக்கார்டரோடு வந்தார்.

"பொறந்ததுலேருந்தே காது கேக்கலம்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

"அப்போ... மனசுல மொழி?" இவர் குரல் இறங்கியிருந்தது.

"மனசுக்கு ஒரு குறையும் இல்ல சார். வீட்ல ஏதாவது ஜாடை காட்டுவாளா?"

யோசித்துப் பார்த்தேன். காட்டுகிறாள். முழங்கை மடிப்பில் விரலால் குத்தினால் அம்மா. நான் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்திருக்கிறாள். உதட்டில் இரண்டு விரல் வைத்தால் தண்ணீர். குத்திவிட்டு விரல் வைத்தால், அம்மா தண்ணீர் கொடு. நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அது பேச்சு என்று எனக்கும் உறைக்கவில்லை.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "பாத்தியா! யாரும் சொல்லிக்கொடுக்காம தானே உண்டாக்கியிருக்கா! பெரியவர் வாக்கு பொய்யாகுமா?" நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "என்னை எப்படிக் கூப்பிடுவா? கேளு, கேளு!"

எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. மகளைப் பார்த்து அவரை நோக்கி விரல் நீட்டினேன்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்து, முகத்துக்கு முன்னால் மெல்லச் சேர்த்து மூடினாள்.

"இது என்னம்மா?" என்றார் டாக்டர்.

"கதவு சாத்துறது, டாக்டர்."

முதல் சொல்லுக்காக எட்டு மாதம் காத்திருந்தவர், அதை நோட்டில் எழுதவில்லை.