எட்டு மாதமாய் எரிச்சல் இல்லை

…வரவில்லை என்பது உண்மைதானே, எட்டு மாதமாய் நீர்க்கடுப்பு வரவில்லை, அப்படியே சொல்லிவிட்டால் என்ன என்று ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து யோசித்தாள் திலகவதி, சிதம்பரத்தில் ஏறிய கடலூர் பஸ் பி.முட்லூர் தாண்டிவிட்டது, காதில் தோஹாவிலிருந்து கணவன் கதிரவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், நாலாவது முறை... "திலகா, அனுப்புன கிரான்பெர்ரி ஜூஸு வேலை செஞ்சுதா? ஒடம்பு சரியாயிட்டுதுன்னா இங்கயே இன்னும் ரெண்டு வருசத்துக்குக் காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுடறேன். இல்லன்னா... நான் வந்துடறேன். நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லு, மேனேஜர் பேயா பறக்குறான்." வந்துவிடுவானாம். செய்யக்கூடியவன்தான். பொங்கல் லீவில் அவள் பத்து தரம் பாத்ரூம் ஓடியபோது கதவுக்கு வெளியே சொம்போடு நின்றவன், கவர்மெண்ட் பஸ்ஸு மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கிறியேடி என்று சிரித்தவன், எரிச்சலில் கண்ணீர் வந்தபோதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, போய்யா மாமா என்று உள்ளேயிருந்து கத்தினாள்...

அந்த ஜூஸ் என்ன புளிப்பு. அவன் அனுப்பியது என்று தினம் காலையில் ஒரு டம்ளர். இன்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். "அடிக்கடி வர்ற சில பேருக்கு, திரும்ப வராம இருக்கக் கொஞ்சம் ஒதவலாம்மா. வந்துட்டா அது மருந்தில்ல, மாத்திரைதான்." பழைய சீட்டுகளைப் புரட்டினார், ஜனவரி, போன ஜனவரி, அதற்கு முந்தின ஜனவரி. "வீட்டுக்காரர் எப்ப லீவுல வருவாரு?" பொங்கலுக்கு என்றாள், சொல்லும்போதே முகம் சுட்டது. சேர்ந்திருக்கும்போது சிலருக்கு அப்படி வரும், யார் தப்பும் இல்லை, அதற்கும் வழி இருக்கிறது, அவர் வரும்போது வாங்க என்றார். அப்படியானால் எட்டு மாதமாய்த் தடுத்தது எது, பாட்டிலா, அவன் இல்லாத வீடா... இதை எந்த வாயால் அவனிடம் சொல்வது? சரியாகிவிட்டது என்றால் இரண்டு வருஷம். இல்லை என்றால் பொய். அந்த எரிச்சலுக்கா ஏங்குகிறேன், சீ, யாராவது ஏங்குவார்களா...

ஆலப்பாக்கம் வந்துவிட்டது. அடுத்து முதுநகர், இறங்க வேண்டும். கைபேசியை மறுபடி காதில் வைத்தாள். சரியாயிட்டுதுன்னா என்பதை ஒரே மூச்சில் சொல்கிறான், மேனேஜரையும் ஒரே மூச்சில். இல்லன்னா என்ற இடத்தில் மட்டும் குரல் நிற்கிறது. நாலு முறை கேட்டும் இது காதில் விழவில்லையே... எதற்கு நின்றான், அவனும் இல்லை என்ற அந்தப் பதிலுக்குத்தான்...