அவர் செய்த சாக்லெட் பை

ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் சமையலறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர் மனைவியைக் கேட்க வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவுக்கு ஒரு கிண்ணம், வெள்ளைக்கு இன்னொன்று, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், சாக்லெட் உருக்க வேறொன்று. கழுவுவது யார்? அவள்தான்.

அதுகூடப் பரவாயில்லை. கல்யாணமான நாள் முதல் மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறாளே, ஒருத்தராவது வாய் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதுண்டா? இந்த மனிதர் போன மாதம் ஒரே ஒரு சாக்லெட் பை, அதுதான் அந்த வெள்ளைக்காரப் பலகாரம், செய்தார். எதிர்வீட்டுக்காரி தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பற்றிய வயிறு இன்னும் அணையவில்லை.

இன்று நாத்தனார் வருகிறாள். இவள் சமையலில் உப்பைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசியறியாதவள். தம்பி செய்தது என்றால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அதை வேறு நின்று பார்த்தாக வேண்டும்.

வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, தட்டில் பரப்பிச் சுட்டு வைத்திருந்த மாவுக்குள் சாக்லெட் கஸ்டர்டை ஊற்றி, அவர் ஓவனில் வைத்தார். பழைய அலாரம் கடிகாரத்தைத் திருகி ஃபிரிட்ஜ் மேல் நிறுத்தினார்.

"ஒரு மணி நேரம். மணி அடிக்கிற வரைக்கும் கதவைத் தொடாதே. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

"நான் ஏங்க தொடப்போறேன்?"

குளிக்கப் போனால் மட்டும் அவருக்கு நேரம் போவது தெரியாது. முக்கால் மணி நேரம் ஆனபோது அடுப்பு வாசனை மாறியது. அவள் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். ஓரம் இறுகிவிட்டது, நடுவில் மட்டும் லேசாகத் தளும்பியது. இப்போது எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். விட்டால் வெடித்துத் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

வெடிக்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் முகம் போகிற போக்கை நினைக்கவே குளுகுளுவென்று இருந்தது. ஆனால் இவ்வளவு பாலும் முட்டையும் கண்ணெதிரே வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் உடம்புக்குப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். துணியால் பிடித்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்தவில்லை.

அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார்.

"அடிச்சிடுச்சா? எனக்குக் கேக்கவே இல்லையே!"

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வாசலில் நாத்தனார் குரல் கேட்டது. வந்தவள் நேரே மேசைக்குப் போனாள்.

"அடேயப்பா, என்ன பளபளப்பு! ஒரு கீறல் இல்லையேடா! அம்மா செஞ்ச மாதிரியே இருக்கு!" நாத்தனாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதே கண்ணோடு இவள் பக்கம் திரும்பினாள். "நீயும் பக்கத்துல நின்னு கத்துக்கக் கூடாதாம்மா?"

அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

"எல்லாம் நேரக் கணக்குதான் அக்கா," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன போகக் கூடாது."

அப்போது ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிகாரம் வீடே அதிர அலறியது.

"என்னடா இது?" என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கடைசியில்தான் மனைவியைப் பார்த்தார்.

அவள் நிதானமாக ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவா அண்ணி? உங்க தம்பியோட பை இப்பத்தான் வெந்துச்சாம்."