ஓய்வில் இருந்த பன்னிரண்டு

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு ‘அவசரம்’ என்று பெயர். வைத்தது என் சீனியரான பூட்டு அக்கா. எதற்கும் ஒரு பூட்டுப் போட்டுவைக்கும் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தது நான். ஆளுக்கொன்று, அதனால் சண்டையில்லை.

வேலை இதுதான். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று எங்களிடம் இரண்டு மைக்ராஸ்கோப். அவற்றில் வைத்த, ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடைக் கேமரா படம் எடுக்கும். நாங்கள் பழக்கிவைத்த கம்ப்யூட்டர் மாடல் அந்தப் படத்தைப் பார்த்து ‘உடனே’ அல்லது ‘வரிசை’ என்று பிரிக்கும். ‘உடனே’ என்றால் ஒரு மணி நேரத்தில் டாக்டர் பார்ப்பார். ‘வரிசை’ என்றால் மூன்று நாள். மாடலை அவ்வப்போது திருத்துவோம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு எண். எல்லாம் ரிஜிஸ்ட்ரி என்கிற கிடங்கில் சோதனை, பயன்பாடு, ஓய்வு என்று மூன்று நிலைகளில் இருக்கும். எங்கள் புரோகிராம் எண்ணைச் சொல்லிக் கேட்காது. ‘பயன்பாட்டில் இருப்பதைக் கொடு’ என்று மட்டும் கேட்கும். அங்கே எதை வைக்கிறோமோ அதுதான் அன்றைய மாடல்.

அக்கா பிரசவ விடுப்பில் போனதும் கிடங்கு என் கைக்கு வந்தது. ஓய்வில் ஒன்பது பழைய மாடல்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. அழிக்கப் போனேன். ‘அழிக்க அக்காவின் சம்மதம் வேண்டும்’ என்றது திரை. போகும்போதும் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வில் இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கச் சம்மதம் கேட்டு அனுப்பினேன். அதே சூட்டில், சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய பதினைந்தாம் எண் மாடலைப் பயன்பாட்டுக்கு ஏற்றினேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது தானாக ஓய்வுக்குப் போனது. அது எந்த எண் என்று நான் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஸ்லைடு தயார் செய்யும் மேடம் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, பழைய மைக்ராஸ்கோப்புல இன்னைக்குப் பதினெட்டு ஸ்லைடு போயிருக்கு. ஒண்ணுகூட ‘உடனே’ன்னு வரல.”

“எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சந்தோஷப்படுங்க மேடம்.”

“சந்தோஷப்படலாம். ஆனா ஒரு ஸ்லைடை நானே கண்ணால பார்த்தேன். எனக்கு நல்லாப் படல. நம்ம வேன்காரர் சம்சாரத்தோடது.”

வேன்காரர்தான் தினமும் ரத்த மாதிரிகளை எங்களிடம் கொண்டுவருபவர். அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினைந்தை நான் சோதித்ததெல்லாம் புது மைக்ராஸ்கோப் படங்களை வைத்து. பழையதன் மங்கல் படம் அதற்குப் புரியவே இல்லை. புரியாததையெல்லாம் ‘வரிசை’யில் தள்ளிவிட்டிருக்கிறது.

பழைய மாடலைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஓடிப்போய்த் திரையைத் திறந்தேன். நேற்று நான் அனுப்பிய விண்ணப்பம் ஞாபகம் வந்தது. அக்கா சம்மதம் கொடுத்திருந்தால், நேற்று ஓய்வுக்குப் போனதும் சேர்ந்து அழிந்திருக்குமே? ‘ஓய்வில் இருப்பதையெல்லாம் காட்டு’ என்று கேட்டேன். பத்தும் இருந்தன. அப்பாடா.

ஆனால் நேற்றுவரை ஓடியது எது? பெரிய எண் பதினான்கு. கை அதற்குத்தான் போனது. பக்கத்தில் அக்காவின் குறிப்பு: ‘பரீட்சையில தோத்தது. எண் பெரிசா இருக்குன்னு எடுத்துடாதே, அவசரம்.’ பதின்மூன்றில்: ‘புது மைக்ராஸ்கோப்புக்கு மட்டும்.’ பன்னிரண்டில்: ‘இப்போ ஓடுறது இதுதான். பழைய மைக்ராஸ்கோப்பையும் இது பார்த்துக்கும். புதுசு எதுவும் சொதப்பினா இதையே ஏத்து. பயப்படாதே.’

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொதப்புவேன் என்று தெரிந்தும் என்னைத் திட்டாமல் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டை ஏற்றினேன். பதினெட்டுப் படங்களையும் மறுபடி ஓட்டினோம். மூன்றில் ‘உடனே’ வந்தது. ஒன்று வேன்காரர் மனைவியுடையது. மதியத்துக்குள் டாக்டர் பார்த்து, அன்றே சிகிச்சையை ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் வேன்காரர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மூணு நாள் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும் சார்.”

“அண்ணே, தாமதம் பண்ணப் பார்த்ததே நான்தான். காப்பாத்தினது லீவுல இருக்கிற எங்க அக்கா.”

அவர் கையை விடவில்லை. “அப்போ அவங்களுக்கும் சொல்லிடுங்க.”

அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தை வீல் வீலென்று அழுதது.

“அந்த விண்ணப்பமா? பார்த்தேன்டா. நீ கேட்டா சரியாத்தான் இருக்கும்னு சம்மதம் கொடுக்கப் போனேன். இவ எழுந்துட்டா, அப்படியே வெச்சுட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.  அக்கா, “அவங்க இப்போ எப்படி இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லா இருக்காங்கக்கா. ரொம்ப நன்றிக்கா. பாப்பாவுக்கும்.”

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். பிறகு நானே ஒரு பூட்டுப் போட்டேன்: இனி எதையும் பயன்பாட்டுக்கு ஏற்ற இரண்டு பேர் சம்மதம் வேண்டும். பதினைந்தின் பக்கத்தில் என் முதல் குறிப்பையும் எழுதினேன்: ‘பழைய மைக்ராஸ்கோப் இதுக்குத் தெரியாது. ஏத்தினது அவசரம். காப்பாத்தினது பூட்டும், பூட்டோட பொண்ணும்.’