கூடுதலாய் விழுந்த ஓர் எழுத்து

ஃபால்மத் துறைமுகத்தில் டாம்சினுக்கு ஒரு வீடு இருந்தது. அது வேறு யாருக்கும் தெரியாது. அவளுடைய கையெழுத்து ஆல்பத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில், டிகோரி நான்கிவெல் எழுதிக்கொடுத்த கவிதையின் கடைசி வரியில் அது இருந்தது.

'மாலையில் நான் திரும்புகையில் என் கணப்போரம் நீ நின்றிருப்பாய்.'

டிகோரி தபால் கப்பலில் வேலை பார்த்தவன். இரண்டு வருடங்களுக்கு முன் ஜூன் மாதம், கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் அதை எழுதித் தந்தான். அப்போது அவளுக்கு அது ஒரு கவிதை மட்டும்தான். ஊரில் எல்லாப் பெண்களின் ஆல்பத்திலும் எல்லா ஆண்களும் ஏதாவது எழுதினார்கள். அடுத்த வசந்தத்தில் புத்தகக் கழகத்தின் பெட்டி மறுபடியும் சுற்றி அவள் வீட்டுக்கு வந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று நாள், பிறகு அடுத்த வீடு. அந்தப் பெட்டியில் வந்த ஒரு நூலில் அதே கவிதையை அச்சில் பார்த்தாள். அங்கே கணப்பு இல்லை, பொட்டல். 'என் பொட்டலோரம் நீ நின்றிருப்பாய்.' இங்கிலீஷில் பொட்டலுக்கு ஹீத், வீட்டுக்குள் குளிர்காயும் கணப்புக்கு ஹார்த். நடுவில் 'ஆர்' என்ற ஓர் எழுத்தைக் கூட்டினால் ஆளில்லாத வெளி, தீ எரியும் வீடாகிவிடும்.

அவன்தான் கூட்டியிருக்கிறான். சம்பளம் போதாதவன், வாய் திறந்து கேட்க முடியாதவன், ஓர் எழுத்தால் கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து டாம்சின் அந்தக் கணப்பின் அருகே வாழத் தொடங்கினாள். அவன் நாற்காலி எந்தப் பக்கம், ஈரக் காலணிகளை எங்கே காய வைப்பான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

போன ஜனவரியில் கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

நிச்சயமாகாத பெண் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த முடியாது. பத்து மாதம் அவள் வெளிர்நீலத்தில் நடமாடினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த டிகோரியின் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள்: 'உங்கள் மகன் எனக்கு எழுதித் தந்த ஒன்றைக் கொண்டுவருகிறேன்.' ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் பதில் வந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். அந்த அம்மா புரிந்துகொள்வாள். பிறகு அழுவதற்கு ஒரு வீடு கிடைக்கும்.

சனிக்கிழமை பெரியப்பா மகள் ஹானர் வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம், ட்ரூரோவுக்குப் போகிறாள். போவதற்கு முன் தோழிகளிடமெல்லாம் தன் ஆல்பத்தில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லதா ஏதாவது எழுதுடி. கல்லறை, காய்ஞ்ச பூவெல்லாம் வேணாம். ஏற்கெனவே ஏழு பேரு என்னைப் பொதைச்சாச்சு."

டாம்சின் சிரித்துக்கொண்டே வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டினாள். நடுவில் ஹானரின் உருண்டைக் கையெழுத்தில் அந்தக் கவிதை இருந்தது. கடைசி வரியில் கணப்பு. கீழே தேதி, டிகோரி எழுதித் தந்த அதே வருடத்து ஏப்ரல், அவனுக்கு இரண்டு மாதம் முந்தி.

"இது..." என்றாள்.

"ஐயோ, அதைப் பாக்காத! என் மானம் போச்சு." ஹானர் குங்குமப்பூ கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "பொட்டல்னு இருக்கணும். நாலு மணிக்குப் பெட்டி அடுத்த வீட்டுக்குப் போகணும், நான் அவசர அவசரமா எழுதிட்டிருக்கேன். கணப்புலருந்து ஒரு நெருப்புத்துண்டு கம்பளத்துல விழுந்துச்சு. அம்மா 'கணப்பு, கணப்பு'ன்னு கத்துறாங்க. கை அதையே எழுதிருச்சு! அப்புறம் டிகோரி வேற பாத்து எழுதிட்டுப் போனான், பாவம்."

"டிகோரியா?"

"ஆமா. யாரோ ஒரு பொண்ணு ஆல்பத்துல எழுதணுமாம். 'என் மண்டையில ஒண்ணுமில்ல, கை வலிக்காத மாதிரி சின்னதா ஒண்ணு காட்டு'ன்னான். சோம்பேறி. தப்பைச் சொல்லலாம்னு பாத்தா ஆளே போயிட்டான்." ஹானர் சட்டென்று மெதுவாகச் சொன்னாள், "ப்ச், நல்ல பையன்டி."

ஹானர் போன பிறகு டாம்சின் அதே நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது துக்கமில்லை, வெட்கம். பிறகு ஒரு நம்பிக்கை ஊர்ந்து வந்தது: அந்தச் சொல்லுக்காகவே அவன் இதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் அல்லவா? அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். சின்னதா ஒண்ணு. கை வலிக்காத மாதிரி. நம்பிக்கையைக் கீழே வைத்துவிட்டாள். செத்தவனை அவள் இப்போதுதான் இழந்தாள். இந்தப் பத்து மாதமும் அவன் அவளுடையவனாகவே இருந்தான்.

ஆனாலும் சொன்னபடி ஞாயிறன்று படகேறினாள்.

திருமதி நான்கிவெல்லின் வீட்டில் உப்பிட்ட மத்தி வாடை அடித்தது. அந்த அம்மா சுத்தமான ஏப்ரன் கட்டிக் காத்திருந்தாள்.

"உக்காரு கண்ணு. எனக்கு எழுத்து வராது. நீயே வாசி. முதல்ல ஒண்ணு சொல்லு, நீ அவனுக்கு யாரு?"

"வாசிக்கிறேன்மா."

வாசித்தாள். கடைசி வரியில் அவன் கையெழுத்தில் கணப்பு இருந்தது. உள்ளதை உள்ளபடி வாசித்தால் அந்த அம்மா இவளை மருமகளாகவே நினைத்து இரண்டு கைகளையும் நீட்டிவிடுவாள். அந்தக் கைகள் ஏற்கெனவே மடியிலிருந்து எழுந்திருந்தன.

"...என் பொட்டலோரம் நீ நின்றிருப்பாய்."

"பொட்டலா?" கைகள் இறங்கின. "அவனுக்குக் குளிரே ஆகாதே. கரையில இருந்தா இந்தக் கணப்பை விட்டு நகர மாட்டான். அப்போ இது அவன் சொந்தமாச் சொன்னது இல்ல?"

"இல்லம்மா. பாத்து எழுதினது."

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் எழுதிக் குடுப்பாங்களே, அப்படியா?"

"ஆமாம்மா."

"ஒருத்தி இருந்திருப்பான்னு நெனச்சேன்," என்றாள் திருமதி நான்கிவெல். "அவளோட உக்காந்து அவனைப் பத்திப் பேசலாம்னு." பிறகு பக்கத்தின் மேல் விரல் வைத்தாள். "இதுல அவன் பேரு எது?"

டாம்சின் காட்டினாள்.

"இந்தத் தாளை எனக்குக் குடுத்துருவியா? உனக்கு இன்னும் நெறையப் பேரு எழுதித் தருவாங்க. ஞாயித்துக்கிழமைல பாதிரியார் வருவாரு. அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்குவேன்."

டாம்சின் இதை நினைக்கவில்லை. பாதிரியார் உள்ளதைத்தான் வாசிப்பார்.

"ஒரு கத்தி குடுங்கம்மா," என்றாள்.

கூர்முனையால் தாளைச் சுரண்டினாள். மை மேலே மட்டும்தான் இருந்தது. மூன்று சுரண்டலில் அந்த ஓர் எழுத்து தூளாகி வந்தது. சொல்லின் நடுவில் ஒரு பல் விழுந்த இடம்போல் வெள்ளையாக இருந்தது. தூளை ஊதினாள். அதன் பிறகு பக்கத்தை அறுத்தாள்.

"என்ன கண்ணு, தப்பா எழுதியிருந்தானா?"

"அவர் தப்பில்லம்மா," என்று தாளை நீட்டினாள். "பாத்து எழுதினதுலயே இருந்த தப்பு."