திங்கள் முதல் சனி வரை

திண்டிவனம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்த அன்று பூமாலைக்குச் சோறு இறங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஜூன் மாதம். அவளுக்கு வயது இருபத்தெட்டு. மகள் சின்னபொண்ணு மூன்றாம் வகுப்பில் இருந்தாள். கணவன் துரைக்கண்ணுவுக்கு விழுப்புரம் லோகோ ஷெட்டில் எஞ்சின்களுக்குத் தீ மூட்டுகிற வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பயிற்சியோ இரண்டு வருஷம். விடுதியில் தங்கியே ஆகவேண்டும். சனிக்கிழமை மதியம் விட்டால் திங்கள் காலை முதல் மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

"போ, நான் வேணாங்கல," என்றான் துரைக்கண்ணு. "சோத்துக்கு இன்னா வழி? அத மட்டும் சொல்லு."

"ஞாயித்துக்கெழமயே ஆறு நாளைக்கும் சேத்து செஞ்சி வச்சிட்டுப் போறேன். நீங்க சோறு மட்டும் வடிச்சிக்கினா போதும்."

அவன் சிரித்தான். ஆறு நாள் குழம்பு தாங்குமா என்று அவன் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. விட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

முதல் ஞாயிறு விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. கத்திரிக்காயும் வெங்காயமும் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, பெரிய ஜாடி நிறையக் குழம்பு வைத்தாள். மல்லாட்டைக் கடலையை வறுத்துப் பொடித்தாள். கொத்துமல்லித் துவையல் அரைத்தாள். திங்கட்கிழமை இருட்டோடு ரயிலேறியபோது விரல்களில் பூண்டு வாசனை போகவில்லை.

திண்டிவனத்தில் குழந்தை மனம் பற்றி வகுப்பு நடந்தது. அவள் மனமோ ஜாடியில் இருந்தது. மூடினார்களா? எறும்பு ஏறியிருக்குமா? விடுதியில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவள் எழுந்து போன பிறகுதான் தட்டு அப்படியே இருப்பது தெரியும்.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னபொண்ணுவின் மணிக்கட்டில் கொப்புளம் தெரிந்தது.

"இன்னாடி இது?"

"கஞ்சி வடிச்சேம்மா. கொட்டிக்கிச்சி."

மெதுவாகக் கேட்டுக் கேட்டு எல்லாம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமையே குழம்பு நுரைத்து ஊசிப்போய்விட்டது. புதன்கிழமை ஓட்டல் சாப்பாடு, அதில் துரைக்கண்ணுவுக்கு வயிறு கெட்டது. இரவு வேலை முடிந்து வந்து அவன் சுருண்டு படுத்துவிட, வியாழனும் வெள்ளியும் பெண் பள்ளிக்கூடம் போகாமல் சோறாக்கியிருக்கிறாள்.

"டீச்சர் கேட்டாங்களா?"

"வயித்துவலின்னு சொல்லிட்டேன்."

பூமாலை பையைக்கூட இறக்காமல் நின்றாள். துரைக்கண்ணு வந்ததும் வெடித்தாள். "நான் டீச்சருக்குப் படிக்கிறேன். எம்பொண்ணு டீச்சர்கிட்ட பொய்யி சொல்லிட்டு அடுப்பு ஊதிக்கினு கீது. இந்தப் படிப்பு எனக்கு வேணாம். திங்கக்கெழம போவல."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்துப் போர்ஷன் சபியா பீவி வாசலில் வந்து நின்றார். கோட்டக்குப்பத்துக்காரர். கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். துரைக்கண்ணுவுக்கு இரவு வேலை வரும் நாட்களில் சின்னபொண்ணு அவர் வீட்டில்தான் படுத்துக்கொள்வாள்.

"கொளம்புல தேங்கா போட்டியா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"கொஞ்சம் அரைச்சி ஊத்தினேங்கா."

"அங்கதான் போச்சி. தேங்கா, கத்திரிக்காயெல்லாம் அன்னன்னிக்கித் துன்றதுக்கு. எங்க ஊட்டுக்காரரு கப்பல்ல ஏழு நாளு போவணும். நாந்தான் கட்டிக் குடுப்பேன். ஒருவாட்டியும் ஊசல."

"எப்பிடிக்கா?"

"புளிய கெட்டியா கரைச்சி, எண்ணெ பிரிஞ்சி மேல வர்ற வரிக்கும் சுண்ட வுடு. தண்ணி ஆவாது. அப்பறம் ஒரே ஜாடில போட்டு வய்க்காத. வேளைக்கி வேளை தெறப்பாங்க, ஒருத்தரு ஈரக் கரண்டிய வுட்டா ஆறு நாளுக்கும் சேத்துப் போச்சி. ஒரு நாளுக்கு ஒரு பாட்டில்னு பிரிச்சி வய்யி. கெட்டா அந்த ஒரு நாளோட போவும்."

போவதில்லை என்று சொன்னவள் மறுநாள் காலையில் புளியை ஊறவைத்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. சபியா பீவி நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார். இரண்டு வீட்டில் இருந்தன. கொதிநீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தாள். நான்கில் புளிக்காய்ச்சல், ஒன்றில் பூண்டுத் தொக்கு, ஒன்றில் மல்லாட்டைப் பொடி. ஒவ்வொன்றிலும் கிழமை எழுதிக் காகிதம் ஒட்டினாள். காலைக் கூழுக்குக் கேப்பை மாவைத் தனியாகக் கட்டி வைத்தாள்.

பிறகு துரைக்கண்ணுவைக் கூப்பிட்டாள். "அடுப்பாண்ட வாங்க."

"எதுக்கு?"

"சோறு வடிக்க. அவ கையி அடுப்புல படக்கூடாது. நீங்கதான் செய்யணும்."

"எனக்கு அதெல்லாம் வராது பூமாலை."

"அம்மாம் பெரிய எஞ்சினுக்குத் தீ போடுறீங்க, தண்ணி பாத்து வுடுறீங்க. இந்தப் பான அதவிடப் பெரிசா?"

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் தடவை குழைந்தது. இரண்டாம் தடவை நடுவில் அரிசி நின்றது. சாயங்காலம் மூன்றாம் தடவை வடித்தபோது ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தான். "ம்" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரமும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை முழுக்க, ஊசிப்போன ஒரு வாடை மூக்கிலேயே நின்றது. சனிக்கிழமை வண்டி மயிலத்தில் முக்கால் மணி நேரம் கிடந்தது. ஜன்னலோரம் உட்காரவும் முடியாமல், கதவோரம் நிற்கவும் முடியாமல் தவித்தாள். விழுப்புரத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தால் வீடு பூட்டியிருந்தது.

"கடைக்கிப் போயிக்கிறாங்க. நீ உள்ள போ," என்று சாவியைக் கொடுத்தார் சபியா பீவி.

"அவ பள்ளிக்கூடம்..."

"ஒரு நாளு வுடாம போனா."

உள்ளே ஐந்து பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. சனிக்கிழமைப் பாட்டிலில் பாதி தொக்கு. முகர்ந்து பார்த்தாள், நல்ல வாசனை. பானையில் சோறு அடிப்பிடித்திருந்தது. தீய்ந்த அந்தச் சோற்றில் ஒரு பிடி எடுத்து, நின்றபடியே தொக்கைப் பிசைந்து வாயில் போட்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது.

தெருவில் பேச்சுக் குரல் கேட்டது. துரைக்கண்ணுவின் கையில் புளி, பூண்டு, நல்லெண்ணெய்ப் புட்டி. சின்னபொண்ணுவின் தோளில் புத்தகப் பை.

"நாளைக்கி செய்யறதுக்கு," என்றான் அவன். "வெள்ளிக்கெழம பொடி பத்தல. மல்லாட்டய கொஞ்சம் கூட வறு."

"நைனாக்கு நாலு நாளு சோறு கொழஞ்சிடிச்சிம்மா," என்றாள் பெண்.

"நீ சும்மா இரு."

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மழைக்காலத்தில் இரண்டு முறை பாட்டிலில் பூஞ்சை பூத்துப்போனது. ஒரு முறை அவள் உப்புப் போட மறந்தாள். பயிற்சி முடிந்து, விழுப்புரத்தை அடுத்த காணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. துரைக்கண்ணுதான் சொல்லிப் பார்ப்பான்: "தெனம் ஊட்டுக்கு வர்ற, இப்ப எதுக்கு இம்மாம் புளி?"

அவள் புளியைக் கரைத்துக்கொண்டே இருப்பாள்.