பொங்காத கல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் மனைவி மருதாயிக்கு அது வரவே வராது. அதனால்தான் எதையும் அவள் தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டார்கள். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அவளைக் கேட்டால் "அது ஒண்ணுமில்லீங்க" என்று முடித்துவிடுவாள்.

எங்கள் ஊர் ஆலத்தியூர் பக்கம். மண்ணுக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லைத்தான் நான் லாரியில் ஏற்றிக்கொண்டு சிமெண்டு ஆலைக்குப் போகிறேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் பஞ்சாயத்தில் ஆர்.ஓ. பிளான்ட் போட்டார்கள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைகளில் இருக்கும் அதே சவ்வுதான், அளவில் சின்னது. நெட்டுக்குழாய்க்குள் பாய் சுருட்டினாற்போல் இருக்கும். நல்ல தண்ணீர் சவ்வைத் தாண்டி வந்துவிடும். மிச்சத் தண்ணீர் உப்பைச் சுமந்துகொண்டு கழிவாகப் போகும். போகிற வழியில் உப்பு சவ்வில் படியாமலிருக்கத் தினமும் ஒரு மருந்து விட வேண்டும். மூன்று வருடமாக மருந்து விடுவதும், மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவதும், சாவியை வைத்திருப்பதும் மருதாயிதான்.

போன சித்திரையில் சவ்வு அடைத்துக்கொண்டது. குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்தது. கம்பெனியிலிருந்து குருமூர்த்தி என்ற இன்ஜினியர் வந்தார். "நான் கடல் தண்ணியையே குடிக்க வெச்சவன்" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்கினார். ஆசிட் விட்டு இரண்டு முறை கழுவினார். ஒன்றும் நடக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவர் முத்தமிழ்செல்வனிடம் போனார்.

"எல்லாம் சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிடுச்சு சார். மருந்தே விடாம இருந்திருக்காங்க. வேற ஆளைப் போடுங்க."

தலைவர் மருதாயியிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி முடிவு செய்யலாம் என்றார்.

மறுநாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் புள்ள, ஒரு நாள் ரெண்டு நாள் மறந்துகிறந்து போயிட்டியோ?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். இன்ஜினியர் பேசியபோது கலங்காத கண் அப்போது கலங்கியது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிளான்ட் வாசலில் நல்ல கூட்டம். மருதாயி நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார், கடைசிக் குழாயில இருக்குற சவ்வை அறுத்துக் காட்டுங்க. எப்படியும் தூக்கிப் போடப் போறதுதானே" என்றாள்.

குருமூர்த்தி அறுத்து விரித்தார். உள்ளே வெள்ளையாக, ஊசி ஊசியாக மினுங்கியது. "பாத்துக்குங்க, சுண்ணாம்பு" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, லாரியிலேருந்து ஒரு கல்லு எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தேன். இன்ஜினியர் கொண்டுவந்த ஆசிட் பாட்டிலை என் முன்னால் வைத்து, "நீங்களே ஊத்துங்க" என்றாள். அத்தனை பேர் இருக்க ஏன் என்னைச் சொன்னாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லில் ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரை பொங்கியது. சுண்ணாம்புக்கல் அப்படித்தான் பொங்கும், எங்கள் ஊரில் யாருக்கும் அது புதிதில்லை. அடுத்து சவ்வின் மேல் விட்டேன். பொங்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன். அசையவே இல்லை.

"சுண்ணாம்பா இருந்தா சார் ரெண்டு தடவ வுட்ட ஆசிட்டுக்கே கரைஞ்சிருக்குமே" என்றாள் மருதாயி. "நான் பொறந்தது காரைங்கற ஊரு. அங்க ஓடையில ஆடு மேய்க்கறப்ப இது தகடு தகடாக் கெடக்கும். நகத்தால கீறுனா கோடு வுழும். இது ஜிப்சம். கடலைச் செடிக்கு உரமாப் போடுறமே, அதேதான்."

சவ்விலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து நகத்தால் கீறினாள். கோடு விழுந்தது. குருமூர்த்தியும் வாங்கிக் கீறிப் பார்த்தார்.

"இந்தச் சுண்ணாம்புக் காட்டுல, சவ்வுல மட்டும் சுண்ணாம்பு ஏன் இல்ல? தெனம் நான் வுட்ட மருந்து அதைத் தடுத்திருக்கு சார்." நோட்டைப் பிரித்தாள். "கார்த்திகை மாசம் நீங்க வந்து, கழிவுத் தண்ணி வீணாப் போவுதுன்னு வால்வை இறுக்குனீங்க. நூறு லிட்டருக்கு எம்பது லிட்டர் நல்ல தண்ணி எடுத்தோம். குழம்பு சுண்டுனா உப்பு கரிக்கும்ல, அது மாதிரி மிச்சத் தண்ணி சுண்டி, மருந்துக்கும் அடங்காம ஜிப்சம் படிஞ்சிருக்கு. அன்னையிலேருந்து பிரஷர் ஏறிட்டே போறதை எழுதி வெச்சிருக்கேன், பாருங்க."

குருமூர்த்தி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. "கடல் தண்ணியில நூத்துக்கு நாப்பதோட நிறுத்திக்குவோம்" என்றார் தாழ்ந்த குரலில். "இங்க நான்தான் பேராசைப்பட்டுட்டேன். தப்பு என்னோடதும்மா." அவரே போய் வால்வைத் தளர்த்தினார். புதுச் சவ்வைக் கம்பெனி செலவிலேயே போட்டுத் தருவதாகவும் சொன்னார். ஒப்புக்கொள்ளவும் மனசு வேண்டும், அந்த மட்டுக்கும் அவர் நல்ல மனுஷன்.

எனக்கு நெஞ்சு விம்மியது. ஆறாவதோடு நின்றவள், படித்தவரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் உட்கார வைத்துவிட்டாள். நானாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன், சாவியும் போயிருக்கும்.

தலைவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க தலைவரே. மருந்து தெனமும் வுட்டிருக்குன்னு."

குருமூர்த்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவர் போட்டார். ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள். மருதாயி நோட்டை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்களும் போடுங்க."

"நான் எதுக்குப் புள்ள?"

"நீங்களுந்தான கேட்டீங்க?"

கலையப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் பேனாவை வாங்கி, இன்ஜினியர் பெயருக்கும் தலைவர் பெயருக்கும் கீழே எழுத்துக்கூட்டி எழுதினேன்: சாமிதுரை, மருதாயி புருஷன்.

படித்துப் பார்த்துவிட்டு அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.